சிறுநீர் வண்டல் சொல்லும் சேதி

"யூரின் ரிப்போர்ட்டில் 'காஸ்ட்' என்று போட்டிருக்கிறதே, அதென்ன வைத்தியரே?" என்று சிலர் கேட்பதுண்டு.

சித்த மருத்துவத்தில் நெய்க்குறி பார்ப்போம். நல்லெண்ணெய்த் துளி சிறுநீரில் பரவும் விதத்தை வைத்து வாத, பித்த, கபத்தைச் சொல்வது அது. ஆனால் சிறுநீரில் ரத்தம் எங்கிருந்து கலக்கிறது என்று எண்ணெய்த் துளி சொல்லாது. அதற்கு மைக்ராஸ்கோப்தான் வேணும்.

லேபில் சிறுநீரை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலைப் பார்க்கிறார்கள். சிவப்பணுக்கள் நல்ல வட்டமாக இருந்தால் பெரும்பாலும் கீழேயிருந்து வந்தவை. கல், கிருமி, சில சமயம் பையில் கட்டியாகவும் இருக்கலாம். நசுங்கி, காது முளைத்த மாதிரி கோணலாக இருந்தால் சிறுநீரக வடிகட்டியின் இடுக்கில் நுழைந்து வந்தவை.

காஸ்ட் என்பது, சிறுநீரக நுண்குழாயில் புரதம் உறைந்து அதே வடிவில் வெளியே வருவது. குழாய்ப்புட்டு மாதிரி என்று வையுங்களேன்! கண்ணாடி போன்ற காஸ்ட் ஓரிரண்டு, வெயிலில் உழைத்தவருக்கும் வரும்; பயமில்லை. சிவப்பணு சிக்கிய காஸ்ட் ஒன்றே ஒன்று இருந்தாலும் வடிகட்டியில் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். வலியே இருக்காது. கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாதீர்கள். என்னிடம் வந்தாலும் சிறுநீரக நிபுணரிடம்தான் அனுப்புவேன்.

ராத்திரி பிடித்து வைத்ததைக் காலையில் கொடுத்தால் காஸ்ட் கரைந்து, ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். காலையில் முதலில் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களைத் தவிர்ப்பது நல்லது.