உயிரேடும் பிணியாளர் நலமும்

எம்மூராகிய கருமத்தம்பட்டியினின்று, வானம் தெளிந்த நாளில் வடமேற்கே நோக்குவார்க்கு நீலமலை தோன்றும். அம்மலைவாழ் பழங்குடியினர் சிலரின் குருதியில், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் இயல்பு உண்டென்பதை லேமன், கட்புஷ் என்னும் அறிஞர் இருவர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்வியல்பின் காரணம் யாது? அதனை அறிதல் பிணியாளர்க்கு எங்ஙனம் பயன்படும்? இவற்றைச் சிறிது ஆராய்வாம்.

நம் உயிரணுக்களுட் பெரும்பாலானவற்றில் டி.என்.ஏ. என்னும் பொருள் ஓர் ஏடுபோல் அமைந்துள்ளது. அதற்கு எழுத்துக்கள் நான்கே. தாய்வழிப் படி ஒன்று, தந்தைவழிப் படி ஒன்று. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. குருதிக்குச் செந்நிறம் அளிக்கும் ஈமோகுளோபினுக்குரிய பகுதியில் ஓரெழுத்து மாறுதலே அரிவாளணு இயல்புக்குக் காரணம். ஒரு படியில் மட்டும் அம்மாற்றம் உடையார் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். இரு படியிலும் உடையாரோ சோகையும் கடுநோவும் உற்று வருந்துவர். ஒரு படியில் மாற்றமுடைய இருவர் மணப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இதனை மணத்திற்கு முன்னரே குருதிச் சோதனையால் அறியலாம். பிறந்த மகவின் நோயையும் தொடக்கத்திலேயே கண்டு மருந்தளிக்கலாம்.

நிற்க. எழுத்து மாற்றம் யாவும் பிழையல்ல. இதனைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். மருத்துவர்க்கும் அத்தகைய ஒப்புநோக்கு இன்றியமையாதது. ஆனால் உலகில் நெடுங்காலம் தொகுக்கப்பெற்ற உயிரேடுகளுட் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினருடையவை. அவற்றை மட்டும் கொண்டு நோக்கின், நம்மவர்க்கு இயல்பான பாடபேதம் பிழையெனப்படுதலும், நம்மவர்க்குரிய பிழை அறியப்படாது போதலும் கூடும். இதயத்தசைக்குரிய ஒரு பகுதியில் 25 எழுத்துக்கள் விடுபடுதல் தென்னாசியருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டென்பதும், அஃது இதய நலிவுக்கு ஏதுவாகலாம் என்பதும் 2009இல் வெளியிடப்பட்டன. பிற நாட்டார் பலரிடம் அம்மாற்றம் மிக அரிது.

இக்குறை நீங்கும்பொருட்டு, 2020இல் தொடங்கப்பெற்ற ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியரின் உயிரேடுகளைத் தொகுத்தது. அத்தொகுதி 2025 சனவரியில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டது. பரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் காக்கப்பட்டு வருகின்றது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. உயிரேடு அதனை அளித்தவரைப் பற்றி மட்டுமன்றி, அவர்தம் சுற்றத்தாரைப் பற்றியும் மறைபொருளை உரைத்துவிடும். ஆதலின் அவர் இசைவின்றி அதனைப் படித்தலும் வெளிப்படுத்தலும், அதுகொண்டு மணத்திலோ தொழிலிலோ அவரை விலக்குதலும் தகாத செயல்களாம்.

ஏடு தந்த வீட்டார்க்கு, அச்சிட்ட நூலைக் கொண்டு சேர்த்தல் பதிப்பித்தார் கடன். அங்ஙனமே, மலைச் சிற்றூரில் குருதி அளித்த தாய்க்கு, அக்குருதி உரைத்த செய்தி அவளுக்கு விளங்கும் மொழியிலும், அதற்குரிய மருந்து அவள் ஊரிலும் கிடைத்தல் வேண்டும். அன்றே இவ்வாராய்ச்சி பிணியாளர் நலத்துக்கு ஆயிற்று எனலாம்.