வயிற்றில் எந்த இடத்தில்?

பத்தாம் வகுப்புக் கட்டுரைத் தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். தலைப்பு மழையோ பொங்கலோ, 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று ஒரு வரி வந்துவிடும். முன்னுரை இருக்கும், உட்தலைப்புகள் இருக்கும், முடிவுரை இருக்கும்; எழுதிய பிள்ளையை மட்டும் காணோம். பண்ருட்டிப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வர்ணனை என்றால் அடைமொழி என்று பழக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

மாற்று மருந்து எங்கள் பக்கத்துத் திருவதிகையிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தார். சூலை நோய் பிடித்தது. அக்கா திலகவதியாரைத் தேடி அதிகைக்கு வந்து, அவர் கொடுத்த திருநீற்றைப் பூசி, வீரட்டானேசுவரர் முன் தம் முதல் பதிகத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அப்பராகிய திருநாவுக்கரசர் அவர்தான்.

பக்தியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு முதல் பாட்டைப் பாருங்கள். வலி பொறுக்கவில்லை என்பதோடு அவர் விடவில்லை. வெளியே தெரியாமல், வயிற்றின் உள்ளே, குடலோடு சேர்த்துப் பிணித்து ஆளை முடக்குகிறது என்கிறார். எங்கே வலிக்கிறது, அது என்ன செய்கிறது: வைத்தியர் கேட்கிற இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பத்துப் பாட்டிலும் அதிகையும் கெடிலமும் தவறாமல் வருகின்றன. எந்த ஊர், எந்த ஆற்றங்கரை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வகுப்பில் ஒரு பையன் 'முக்கனிகளுள் ஒன்று பலா, அது மிகவும் இனிப்பானது' என்று எழுதினான். அவன் வீட்டிலேயே பலாத்தோப்பு! அறுக்கிறதுக்கு முன்னால் கையில் என்னடா தடவுவீங்க என்று கேட்டேன். "எண்ணெய் சார்" என்று வகுப்பே கத்தியது. கத்தியில் ஒட்டின பாலை எப்படி எடுப்பீங்க? பழுத்தது எப்படித் தெரியும்? தட்டிப் பார்ப்போம், மோந்து பார்ப்போம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுபடி அவன் எழுதிக்கொண்டு வந்ததில் 'இனிப்பு' என்ற சொல்லே இல்லை. எனக்கு வாயூறியது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பள்ளி திறந்ததும் அதைப் பற்றி எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் 'கோரத் தாண்டவம்'. செய்தித்தாளில் வந்த சொல். ஒரு பெண் மட்டும், அப்பா கோடாலியோடு விழுந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், எங்கே வெட்டத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். துயரம் என்ற சொல்லை அவள் தொடவே இல்லை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. விவரம் வேண்டும் என்றதும் சிலர் கண்ணில் பட்டதையெல்லாம் கொட்டுவார்கள்: சுவரின் நிறம், மேசையின் கால், மின்விசிறியின் இறக்கை. முந்திரிக்கொட்டை உடைக்கிற அம்மாவைப் பற்றி எழுதும்போது தோலெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் போதும். அவர் புடவையின் பூவேலை எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுகிற சொல்லைப் பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இந்த மண்ணின் பேச்சுச் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே செய்திருக்கிறார். அகராதியில் ஏறிய சொல் கட்டுரை நோட்டில் ஏறக் கூடாதா?

உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த கட்டுரை எழுத உட்காரும்போது நோட்ஸை எடுத்து ஒளித்து வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எந்த இடத்தில்? அப்போது யார் என்ன செய்தார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். பதிலை அது சொன்னபடியே எழுத விடுங்கள்.