தேன் அறுவடையும் தேனீக்களின் குளிர்காலமும்

பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டத்தில் ஓரிரு பெட்டிகள் வைத்துப் பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்போர் பலர். அவர்கள் வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. கோடையில் எவ்வளவு தேன் கிடைத்தது என்பதைவிட, மறு ஆண்டு வசந்தத்தில் கூட்டம் உயிருடன் இருக்கிறதா என்பதே இவ்வளர்ப்பின் உண்மையான தேர்வாகும். அதற்கான வேலைகளில் பெரும்பகுதி குளிர் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

பெட்டியின் அமைப்பு

முற்காலத்தில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தனர். தேன் எடுக்கும்போது பெரும்பாலும் கந்தகப் புகையிட்டுக் கூட்டத்தையே கொன்றனர். 1851-ல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியைத் தேனீக்கள் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவிடுவதைப் பயன்படுத்தி, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியை வடிவமைத்தார். இன்றைய பெட்டிகளின் அடிப்படை இதுவே. கீழே உள்ள அடை அறையில் ராணி முட்டையிடும். மேலே தேன் அறை இருக்கும். இரண்டுக்கும் நடுவே, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பு வைக்கப்படும்.

அறுவடை

பூக்களிலிருந்து கொண்டுவரும் மதுரத்தில் நீர் மிகுதி. தேனீக்கள் சிறகடித்து விசிறி நீரை வற்றச் செய்கின்றன. ஈரப்பதம் ஏறத்தாழ 18 விழுக்காட்டிற்குக் குறைந்ததும் அறைகளை மெழுகால் மூடுகின்றன. மூடப்படாத தேனை எடுத்தால் புளித்துவிடக்கூடும். எனவே பெரும்பகுதி மூடப்பட்ட சட்டங்களையே எடுக்க வேண்டும். மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, சட்டங்களைச் சுழற்றும் கருவியில் வைத்தால் தேன் வெளியேறும். அடை உடைவதில்லை. அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கலாம். முதன்மை அறுவடை ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் நடைபெறும்.

குளிரில் தேனீக்கள்

தேனீக்கள் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடப்பதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது ராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் திரள்கின்றன. சிறகுகளை அசைக்காமலே பறக்கும் தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்குகின்றன. புழுக்கள் இருந்தால் திரளின் நடுப்பகுதி 34 பாகைக்கு மேல் இருக்கும். இந்த அடுப்பிற்கு விறகு தேன்தான்.

பிரித்தானியாவில் ஒரு கூட்டத்திற்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20 கிலோ சேமிப்பு வேண்டும். இரு பக்கமும் நிறைந்த அடை அறைச் சட்டம் ஒன்றில் 2 கிலோவிற்குச் சற்று மேல் தேன் இருக்கும். ஆக, எட்டு அல்லது ஒன்பது சட்டங்கள் தேனீக்களுக்கே உரியவை.

முன்னேற்பாடுகள்

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஆறு வாரம் அளவே வாழும். இலையுதிர்காலத்தை ஒட்டிப் பிறப்பவை உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்து ஆறு மாதம் வரை வாழும். வரோவா உண்ணி இவற்றைப் புழுப் பருவத்திலேயே நலிவுறச் செய்து, நச்சுயிரிகளையும் பரப்புகிறது. ஆகவே தேன் அறையை அகற்றிய உடனே, ஆகஸ்டிலேயே, தைமால் போன்ற மருந்து இட வேண்டும். பிந்தினால் உண்ணி குறைந்தாலும் நலிந்த தேனீக்களே எஞ்சும்.

சேமிப்பு குறைவாயின், ஒரு லிட்டர் நீருக்கு 2 கிலோ சர்க்கரை வீதம் பாகு காய்ச்சிச் செப்டம்பருக்குள் ஊட்ட வேண்டும். குளிர் வந்தபின் பாகின் நீரை வற்றவைக்கத் தேனீக்களால் இயலாது. மேலே தேன் அறையை விட்டுவைத்தால் ராணித் தடுப்பை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் திரள் தேனைத் தேடி மேலேற, ராணி கீழே தனித்து விறைத்து இறக்கும். எலி நுழையாதவாறு வாயிலைக் குறுக்க வேண்டும். மழைநீர் ஒழுகாமலும் உள்ளே ஈரம் தங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வறண்ட குளிரைவிட ஈரமே மிகுந்த கேடு செய்யும்.

குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்காமல், ஒரு பக்கத்தைச் சற்றுத் தூக்கி எடையை அறியலாம். இலேசாக இருந்தால் இறுகிய சர்க்கரைக் கட்டியைத் திரளுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். கடுங்குளிரில் திரள் நகர முடியாமல், சில சென்டிமீட்டர் தொலைவில் தேன் இருந்தும் பட்டினியால் இறப்பதுண்டு. பனி விலகும் மார்ச்சும் ஆபத்தான மாதமே. அப்போது புழு வளர்ப்பு பெருகும். சேமிப்போ தீர்ந்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில்

கன்னியாகுமரிப் பகுதியில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீக்குப் பனிக்காலம் இல்லை, பஞ்சகாலம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் மரத்தின் இளந்துளிர்களில் சுரக்கும் மதுரம் தேனைப் பெருக்குகிறது. தென்மேற்குப் பருவமழையில் வரத்து நின்றுபோவதால் சர்க்கரைப் பாகு ஊட்டப்படுகிறது. பருவம் வேறானாலும் கணக்கு ஒன்றே: தேனீக்களின் தேவை போக மிஞ்சுவதுதான் அறுவடை.