புகையை விரட்ட வந்த மின்சார இஞ்சின்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இடிஎஸ் ரயிலில் போகிறவர்களில் பலர், ரயில் மின்சாரத்துக்கு மாறியது வேகத்துக்காகத்தான் என்று நினைப்பதுண்டு. மின்சார ரயில் இஞ்சினின் தொடக்கக் கதை வேறு. திறந்த வெளியில் நீராவி இஞ்சினோடு மோதி அது ஜெயிக்கவில்லை. புகை வெளியேற வழியில்லாத இடங்களில்தான் முதலில் கால் ஊன்றியது.

முதல் முயற்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. அபர்டீனைச் சேர்ந்த ராபர்ட் டேவிட்சன் ஏழு டன் எடையில், பேட்டரியால் ஓடும் இஞ்சின் ஒன்றைக் கட்டினார். 1842-ல் எடின்பரோ - கிளாஸ்கோ ரயில் பாதையில் அதைச் சோதித்தார்கள். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். மனிதன் வேகமாக நடந்தாலே அதைப் பிடித்துவிடலாம். அந்தக் காலப் பேட்டரியில் அமிலத்தில் துத்தநாகத் தகடு கரைந்து தீர்ந்தால்தான் மின்சாரம் வரும். நிலக்கரியோ மலிவு. அப்படியிருக்க, துத்தநாகத்தை எரித்து எந்த ரயில் கம்பெனி வண்டி ஓட்டும்? அந்த இஞ்சினும் மிஞ்சவில்லை. தங்கள் பிழைப்புக்கு ஆபத்து என்று பயந்த ரயில்வே தொழிலாளர்களே அதை அடித்து நொறுக்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

ஆக, இஞ்சினை மாற்றுவதற்கு முன் மின்சாரம் கிடைக்கும் வழி மாற வேண்டியிருந்தது. 1866-ல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ், சுழலும் இயந்திரத்திலிருந்து மலிவாக மின்சாரம் எடுக்கும் டைனமோ தத்துவத்தைக் கண்டறிந்தார். அதன்பின் மின்சாரத்தை ஓரிடத்தில் தயாரித்துக்கொண்டு, ஓடும் வண்டிக்கு அனுப்பினால் போதும் என்றானது. எப்படி அனுப்புவது என்பதுதான் அடுத்த தலைவலி.

1879-ல் பெர்லின் தொழிற்கண்காட்சியில் சீமென்ஸ் தம் விடையைக் காட்டினார். 300 மீட்டர் வட்டப்பாதை, பொம்மை ரயில் போன்ற ஒரு குட்டி இஞ்சின், அதன் மேல் குதிரைச் சவாரி போல ஓட்டுநர், பின்னால் மூன்று சிறு பெட்டிகள். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பதித்த இரும்புப் பட்டையிலிருந்து 150 வோல்ட் மின்சாரத்தை இஞ்சின் உறிஞ்சிக்கொண்டது. நான்கு மாதங்களில் 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஏறிப் பார்த்தார்கள். ஆனால் அந்த இஞ்சின் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டதல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுப்பதற்கென்றே வடிவமைத்தார்கள். நிலத்துக்கு அடியில் புகை கூடாதல்லவா! இன்று அது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து பெர்லினுக்கு அருகே லிக்டர்ஃபெல்டேயில் சீமென்ஸ் டிராம் ஓட்டினார். அதில் தண்டவாளங்களே மின்சாரத்தைச் சுமந்தன. சாலையைக் கடக்கும் குதிரைகள் ஷாக் அடித்துத் துள்ளின. பின்னால் வந்த டிராம்களுக்கு மின்கம்பி தலைக்கு மேலே போனது அதனால்தான். ஆட்கள் நுழைய முடியாத பாதைகளில் மட்டும் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டு நிலைத்தது. சிங்கப்பூர் எம்ஆர்டியின் வடக்கு - தெற்குத் தடம் இன்றும் இந்த முறையில்தான் ஓடுகிறது.

லண்டனில் 1863 முதல் ஓடிய பாதாள ரயிலை நீராவி இஞ்சின்கள்தாம் இழுத்தன. அது ஆழமில்லாத பாதை; ஆங்காங்கே திறப்பு வைத்துப் புகையை வெளியேற்றினார்கள். ஆழத்தில், மூன்று மீட்டர் அகலக் குழாய்க்குள் ரயில் விட நினைத்தபோது அந்த வித்தை பலிக்கவில்லை. 1890-ல் சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே மின்சார இஞ்சின்களோடு திறக்கப்பட்டது. குழாய்க்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று பெட்டிகளுக்குச் சரியான ஜன்னல்கூட வைக்கவில்லை.

பெரிய ரயில்களுக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் பால்டிமோர். நகருக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கப்பாதையில், 1895-ல் மின்சார இஞ்சின்கள் முழு ரயிலையும், அதன் நீராவி இஞ்சினையும் சேர்த்தே மேட்டில் இழுத்துப் போயின.

நியூயார்க்கில் பாடம் உயிர்ச்சேதத்தோடு வந்தது. 1902 ஜனவரி 8 காலை, பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் அடர்ந்திருந்த புகையில் சிவப்பு சிக்னல் தெரியாமல், ஒரு ரயில் நின்றிருந்த இன்னொரு ரயிலின் பின்னால் மோதியது. 15 பேர் மாண்டார்கள். 1908-க்குப் பிறகு மன்ஹாட்டனில் நீராவி ரயில் கூடாது என்று சட்டமே வந்தது. நியூயார்க் சென்ட்ரல் கம்பெனி கெடுவுக்கு முன்பே, 1906-ல், மின்சார இஞ்சின்களை ஓட்டத் தொடங்கிவிட்டது.

இவை எல்லாமே குறுகிய தூரப் பாதைகள். 600 வோல்ட் அளவில் அனுப்பும் மின்சாரம் வழியிலேயே விரயமாகும்; சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வேண்டும். வோல்ட்டை உயர்த்தினால் விரயம் குறையும். ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காண்டோ 1902-ல் இத்தாலியின் வால்டெலினா பாதையில் 3,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் சுமார் 100 கிலோமீட்டருக்கு ரயில் ஓட வைத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. ரயிலுக்கென்று தனி வகை மின்சாரம் எதற்கு, ஊருக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே போதாதா என்று கேட்டார். அப்படி ஓடும் பாதை 1930-களில் ஹங்கேரியில் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1931-லேயே காலமாகிவிட்டார். கேடிஎம் மின்சார ரயில்களின் தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் கம்பியில் இருப்பதும் அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான்.