'கோல்டு பிரஸ்டு' என்றால் என்ன?

சொந்தக் கடலையை ஆட்டி எண்ணெய் விற்கும் விவசாயிகள், பாட்டிலில் 'மரச்செக்கு' என்பதோடு 'கோல்டு பிரஸ்டு' என்றும் போடுகிறார்கள். லேபிள் அச்சடித்தவர் சொன்னார், போட்டோம் என்பவர்களே அதிகம்.

கோல்டு என்றால் குளிர்ச்சி, பிரஸ்டு என்றால் பிழிந்தது. அதற்காக யாரும் ஐஸ் வைத்துப் பிழிவதில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் விழுதை முதலில் அப்படியே பிழிவார்கள். பிறகு சக்கையில் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழிவார்கள். முதல் எண்ணெய்க்கு மணமும் அதிகம், விலையும் அதிகம். வெந்நீர் படாதது என்பதுதான் அந்தக் 'குளிர்ச்சி'. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில், 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் எடுத்த ஆலிவ் எண்ணெய்க்குத்தான் இப்படிப் போடலாம். நம்மூரில் நிழலே அதைத் தாண்டிவிடும்!

விளக்கெண்ணெய்க்கும் இந்தப் பேச்சு உண்டு. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெயை வழித்தெடுப்பது கிராமத்து வழக்கம். சூடாக்காமல் பிழிந்ததை 19-ம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருந்துக் கடைகள் 'கோல்டு டிரான்' என்று பிரித்து விற்றன.

மற்ற எண்ணெய்களுக்கு, கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத்தர நெறி டிகிரி எதுவும் குறிப்பிடவில்லை. வெப்பம் கொடுக்காமல், இயந்திரத்தால் மட்டும் எடுத்திருக்க வேண்டும். தெளியவைக்கலாம், வடிகட்டலாம், தண்ணீரில் கழுவலாம். செக்கு சுற்றும்போது உரசலில் எண்ணெய் வெதுவெதுப்பாவது வேறு, நாமே சூடேற்றுவது வேறு. மணத்துக்காகப் பருப்பை வறுத்து ஆட்டுபவர்களும், எக்ஸ்பெல்லரில் நீராவி விடுபவர்களும் இந்தச் சொல்லைப் போடக் கூடாது.

ஆனால் இந்தச் சொல் பருப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு உண்டாகும். ரீஃபைன் செய்யும்போது காரம் சேர்ப்பதால் அது பெருமளவு போய்விடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை இல்லை. எனவே காயைக் குலுக்கினால் பருப்பு சலசலக்கும்வரை, ஈரப்பதம் சுமார் 8 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். பூசணம், சுருக்கம், நிறமாற்றம் உள்ள பருப்பைக் கையால் பொறுக்கிவிட வேண்டும். பொறுக்கியதைத் தனியே ஆட்டிப் புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதும் கூடாது. நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும். கறவை மாடு தின்றால் பாலிலும் இறங்கும்.