வெண்ணெய் திரள்வதற்கு ஒரு பதம்

ஆடையைச் சேர்த்து வைத்து, மிக்ஸியில் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றிய பிறகும் வெண்ணெய் வராமல் கொழகொழவென்று ஏதோ ஒன்று மிஞ்சினால், முதன்முறை முயல்பவர்கள் பாலைச் சந்தேகப்படுவார்கள், அல்லது மிக்ஸியை. நம் ஊரில் பெரும்பாலும் காரணம் சமையலறையின் சூடு.

பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் சராசரியாக 3 முதல் 4 மைக்ரோமீட்டர்; தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொன்றின் மேலும் பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. இந்தச் சவ்வு இருக்கும்வரை ஓர் உருண்டை இன்னொன்றோடு ஒட்டாது. அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது, எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதப்பதில்லை.

கடைவது என்பது இந்தச் சவ்வைக் கிழிக்கும் வேலை. மத்து சுழலும்போது காற்றும் உள்ளே போகிறது. நுரைக்குமிழிகளின் ஓரத்தில் உருண்டைகள் வந்து குவிகின்றன. அங்கே சவ்வு கிழிந்து உள்ளிருக்கும் கொழுப்பு வெளியே கசிகிறது. பக்கத்து உருண்டை அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கொழுப்பு முழுக்க உருகியிருந்தாலும் பயனில்லை, முழுக்க உறைந்திருந்தாலும் பயனில்லை. உறைந்த பகுதி செங்கல், உருகிய பகுதி சாந்து. இரண்டும் இருந்தால்தான் சுவர் எழும்பும்.

பால் கொழுப்பு பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஆகவே அதற்கு ஒரே உருகுநிலை கிடையாது. ஃப்ரிட்ஜ் குளிரில் ஏறக்குறையப் பாதி உறைந்திருக்கும்; உடல்சூட்டை நெருங்கும்போது முழுவதும் உருகிவிடும். பாலேட்டைக் கடைவதற்கு 10 முதல் 14 டிகிரி செல்சியஸ்வரை ஏற்றது என்று பால் பண்ணைத் தொழிலில் கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் 35 டிகிரி காயும் சமையலறையில், அதுவும் சுற்றச் சுற்றச் சூடேறும் மிக்ஸி ஜாரில், செங்கல் ஏது?

தயிர் கடைந்த பெண்களுக்கு இது தெர்மாமீட்டர் இல்லாமலே தெரியும். விடியற்காலையில், வெயில் ஏறும் முன் கடைந்தார்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் நோக்கம் ஒன்றே: கொழுப்பைப் பாதி உறைந்த நிலையில் பிடிப்பது. கையை விட்டுப் பார்த்தே அந்த அளவைச் சொன்னவர்களிடம் எந்தப் பாடநூலும் இருக்கவில்லை. மிக்ஸிக்காரர்களுக்கு ஐஸ்கட்டி போதும். ஆடையையும் ஜாரையும் முன்கூட்டியே குளிர வைத்து, விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

முதலில் கெட்டியாக நுரைக்கும். அந்த இடத்தில் சலித்து நிறுத்திவிடக்கூடாது. சட்டென்று நுரை உடைந்து, நீர்த்த மோர் ஒரு பக்கமும் மணிமணியாக வெண்ணெய் ஒரு பக்கமும் பிரியும். மிக்ஸியின் சத்தமே மாறும். அதுவரை நீருக்குள் கொழுப்பு மிதந்தது. இப்போது கொழுப்புக்குள் நீர்த்துளிகள் சிறைப்பட்டிருக்கின்றன. கடையில் விற்கும் வெண்ணெயிலும் 80 சதவீதம் கொழுப்பு இருந்தால் போதும். நீர் 16 சதவீதம்வரை இருக்கலாம்.

குளிர்ச்சி சரியாக இருந்தும் திரளவில்லையா? பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பிரான்ஸின் ஓகுஸ்த் கோலென் 1899-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்த முறை அது. மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியே பாலைச் செலுத்தினால் கொழுப்பு உருண்டைகள் 1 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சிதறிவிடும். பழைய சவ்வு இத்தனை துணுக்குகளையும் மூடப் போதாது. அந்த இடத்தைப் பாலின் கேசின் புரதம் நிரப்புகிறது. ஆடை படிவது குறைகிறது, கடைந்தாலும் லேசில் ஒட்டுவதில்லை. காபிக்கு அந்தப் பால் நன்றாகத்தான் இருக்கும். வெண்ணெய்க்குப் பால்காரரிடம் வாங்குவதே மேல்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளவாக வைத்துக்கொள்ளலாம். 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால் ஒரு லிட்டரில் கொழுப்பு சுமார் 60 கிராம். ஒரு துளி வீணாகாவிட்டாலும் வெண்ணெய் 75 கிராமைத் தாண்டாது. 3 சதவீதச் சமன்படுத்திய பாலில் அதிலும் பாதி. எருமைப்பால் கொழுப்பு மிகுந்தது, அதன் வெண்ணெயும் தூய வெள்ளை. பசுவெண்ணெயை மஞ்சளாக்கும் பீட்டா கரோட்டின் எருமைப்பாலில் அநேகமாக இல்லை.

ஆடையை அப்படியே கடைவதைவிட உறைமோர் விட்டுப் புளிக்கவைத்துக் கடையலாம் என்பது என் கட்சி. தயிரிலுள்ள சில பாக்டீரியாக்கள் பாலின் சிட்ரேட்டிலிருந்து டைஅசெட்டைல் என்ற பொருளை உண்டாக்குகின்றன. வெண்ணெய் மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான்.

திரட்டிய உருண்டையைக் குளிர்ந்த நீரில் பிசைந்து, நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். உள்ளே தங்கும் மோரிலுள்ள சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அலசாத வெண்ணெய் சீக்கிரம் கெடுவது அதனால். அலசிய பிறகும் தண்ணீரில் மூழ்க வைத்து, தினம் நீரை மாற்றினால் காற்றுப் படாமல் சில நாள் தாங்கும். அதற்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் முருங்கை இலை போட்டு உருக்கிவிடுவதுதான் வழி. நீர் முழுவதும் ஆவியான நெய் மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே இருக்கும்.