மனிதன் சமயத்தைக் கடந்துவிட்டானா?

"அறிவியல் இவ்வளவு வளர்ந்த பின்னும் சமயம் எதற்கு, அப்பா?" என்று விடுமுறைக்கு வீடு வந்த மகன் கேட்டால், பெற்றோர் பலர் சினம் கொள்கின்றனர். சினம் விடையாகாது. இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, நீலகிரி மாவட்டத்துத் தெப்பக்காடு வரை சென்று வருவோம்.

முதுமலைக் காட்டில் மாயாற்றங்கரையில் உள்ளது அந்த யானைகள் முகாம். ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்தியன்று யானைகளை அலங்கரித்து அங்கே பூசை நடத்துகின்றனர். யானைக்கும் பக்தியோ என்று நகைக்க வேண்டா. பழக்கியதை அது செய்கிறது. நாம் நோக்க வேண்டியவர் அதனருகே கைகூப்பி நிற்கும் பாகர். அறிவியல் அவருக்கு அந்நியமன்று. முகாமில் கால்நடை மருத்துவர் உண்டு. 2021 ஜூன் மாதம் 28 யானைகளுக்குக் கொரோனாப் பரிசோதனையும் நடைபெற்றது.

சமயம் அச்சத்தின் குழந்தை. அச்சம் நீங்கினால் அதுவும் நீங்கும் என்பர் சிலர். அவ்வாறாயின் மசினி என்னும் யானையின் வரலாற்றுக்கு என்ன பொருள்? 2018 மே மாதம், சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்குள்ளேயே அது தன் பாகரைக் கொன்றது. பின்னர் தெப்பக்காட்டில் வைத்துப் பராமரிக்கப்பட்டது. அங்கும் 2023 ஏப்ரலில் மற்றொரு பாகர் அதனால் உயிரிழந்தார். கோவிலும் காக்கவில்லை; மருத்துவமும் காக்கவில்லை. சமயம் வெறும் பாதுகாப்புக் கவசமாயின், அன்றே அது பொய்த்துப் போயிருக்கும். ஆயினும் சதுர்த்தி விழா நின்றுவிடவில்லை.

யானைக்கு ஏன் வெறி பிடித்தது என்பதை மருத்துவர் ஆராயலாம், ஆராயவும் வேண்டும். ஆனால் சாவு நிகழ்ந்த எந்த வீட்டிலும் எழும் கேள்வி அதுவன்று. "இவர் வாழ்ந்ததெல்லாம் இத்தோடு முடிந்ததா?" என்பதே அங்கு எழும் கேள்வி. அறிவு முதிர்வதால் அக்கேள்வி குறைவதாக நமக்குத் தோன்றவில்லை.

அதற்காக, சமயமின்றி நேர்மையாக வாழ்வோரே இல்லை என்று சொல்லிவிடலாகாது. ஐரோப்பாவில் ஆலயங்கள் வெறுமையான ஊர்களிலும் நல்லோர் வாழ்கின்றனர். தமிழகத்தில் பெரியார் தொடுத்த வினாக்கள் கடவுளைப் பற்றியன மட்டுமல்ல. கடவுளின் பெயரால் மனிதனைத் தாழ்த்தியோரைப் பற்றியனவும் ஆகும். கடவுள் மறுப்புத் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் பங்குண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் ஒப்புக்கொண்டது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதிச் சுவர் பிரித்து வைத்ததை எண்ணினால், அவ்வாக்கு எவ்வளவு உண்மை என்பது விளங்கும்.

ஆகவே, பெற்றோரே, மகனின் கேள்வியை முழுவதும் கேளுங்கள். அவன் கேட்பது அறிவியலைப் பற்றியதாக இல்லாமல், அந்தச் சுவரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.